சரணாலயம் வேற, தேசியப் பூங்கா வேற! ஒரு காட்டை 'தேசியப் பூங்கா' ஆக்குவது எது? முழு விளக்கம்

முதுமலை, ஆனைமலை, முக்குர்த்தி, கிண்டி, மன்னார் வளைகுடா. தமிழ்நாட்டில் இருக்கும் தேசியப் பூங்காக்கள் இந்த 5 மட்டும்தான். ஆனா சத்தியமங்கலம், மேகமலை, களக்காடு என சரணாலயங்களின் பட்டியல் நீளம். இரண்டிலும் காடு இருக்கு, விலங்குகள் இருக்கு, வாசலில் வனத்துறை போர்டும் இருக்கு. அப்போ சில இடங்களுக்கு மட்டும் ஏன் 'தேசியப் பூங்கா' என்ற பெயர்?

பதில் காட்டுக்குள்ள இல்லை, சட்டத்துல இருக்கு. அந்த நிலத்தின் மீது மக்களுக்கு இருந்த உரிமைகள் என்ன ஆகின்றன என்பதுதான் இரண்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம்.

முதலில், எதெல்லாம் காரணம் இல்லை?

பரப்பளவு காரணம் இல்லை. சென்னை நகருக்குள் இருக்கும் கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கி.மீ. மட்டுமே. லடாக்கில் இருக்கும் ஹெமிஸ் தேசியப் பூங்கா 4,000 சதுர கி.மீ.க்கும் மேல். சட்டத்தின் முன் இரண்டும் ஒரே தகுதிதான். குறைந்தபட்சம் இவ்வளவு பரப்பு வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை.

'தேசிய' என்பதால் மத்திய அரசு நடத்தும் இடம் என்றும் அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அறிவிப்பது மாநில அரசுதான், பராமரிப்பது மாநில வனத்துறைதான். குறிப்பிட்ட சூழல்களில் மத்திய அரசும் அறிவிக்கலாம் என்று சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கு.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அடிக்கடி மனப்பாடம் செய்யும் ஒரு வரி, "சரணாலயம் ஒரு விலங்குக்காக, தேசியப் பூங்கா மொத்த வாழிடத்துக்காக" என்பது. சட்டத்தில் அப்படி ஒரு பிரிவினையே கிடையாது. தாவரம், விலங்கு, சூழலியல், நில அமைப்பு ஆகியவற்றின் முக்கியத்துவம்தான் இரண்டுக்கும் சொல்லப்படும் காரணம். சொல்லப்போனா, முக்குர்த்தி தேசியப் பூங்காவே வரையாட்டைப் பாதுகாப்பதை முக்கிய நோக்கமாக வைத்து உருவானதுதான்.

எப்படி அறிவிக்கிறாங்க?

எல்லாத்துக்கும் அடிப்படை, 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம். இதில் 18-வது பிரிவு சரணாலயத்துக்கானது. 35-வது பிரிவு தேசியப் பூங்காவுக்கானது.

முதலில், 'இந்த இடத்தைத் தேசியப் பூங்கா ஆக்கப்போகிறோம்' என்று மாநில அரசு எல்லைகளைக் குறிப்பிட்டு அறிவிக்கை வெளியிடும். இது நோக்கத்தைச் சொல்லும் அறிவிக்கைதான், இதோடு வேலை முடிந்துவிடாது.

அடுத்து மாவட்ட ஆட்சியரின் பணி. 60 நாட்களுக்குள் அந்தப் பகுதியிலும் அதைச் சுற்றியும் இருக்கும் ஊர்களில், அந்த வட்டாரத்தின் மொழியில் பிரகடனம் வெளியிட வேண்டும். அந்த நிலத்தில் உரிமை இருப்பவர்கள் 2 மாதங்களுக்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். பட்டா நிலம், மேய்ச்சல், விறகு, தேன், பாதை என்று எந்த உரிமையாக இருந்தாலும் சரி.

ஆட்சியர் விசாரித்து, அந்த உரிமையை ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம். ஏற்றுக்கொண்டால் அதன் பிறகு என்ன? இங்கேதான் இரண்டு வகையும் பிரிகின்றன.

ஒரே ஒரு உட்பிரிவு

சரணாலயம் என்றால் ஆட்சியருக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, அந்த நிலத்தை எல்லைக்கு வெளியே விட்டுவிடலாம். இரண்டு, இழப்பீடு கொடுத்து கையகப்படுத்தலாம். மூன்று, தலைமை வனஉயிரினக் காப்பாளருடன் கலந்து பேசி, அந்த உரிமை உள்ளேயே தொடர அனுமதிக்கலாம்.

தேசியப் பூங்காவுக்கும் இதே நடைமுறைதான். ஆனா அந்த மூன்றாவது வழி மட்டும் கிடையாது. 35-வது பிரிவு, விசாரணை தொடர்பான மற்ற எல்லா விதிகளையும் எடுத்துக்கொண்டு, 'உரிமை தொடரலாம்' என்ற அந்த ஒரே ஒரு உட்பிரிவை மட்டும் விலக்கி வைக்கிறது.

எல்லா உரிமைக் கோரல்களும் முடிந்து, எல்லைக்குள் சேர்க்க வேண்டிய நிலத்தின் உரிமைகள் முழுவதும் மாநில அரசின் வசம் வந்த பிறகுதான் இறுதி அறிவிக்கை வரும். அதில் சொல்லப்படும் தேதியில் இருந்துதான் அது தேசியப் பூங்கா.

மேய்ச்சலை எடுத்துக்கிட்டா இது இன்னும் தெளிவா புரியும். சரணாலயத்தில் மேய்ச்சலைக் கட்டுப்படுத்தவோ தடை செய்யவோ அதிகாரிக்கு அதிகாரம் இருக்கு. அதாவது, முடிவு அவர் கையில். தேசியப் பூங்காவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கால்நடை மேயக் கூடாது என்று சட்டமே நேரடியாகச் சொல்கிறது. அனுமதி பெற்றவர் சவாரி செய்து வரும் விலங்குக்கு மட்டும்தான் விலக்கு.

'பூங்கா'ன்னா சுற்றிப் பார்க்கும் இடமா?

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா போன்ற காரணங்களுக்கு அனுமதி பெற்றுத்தான் உள்ளே போக முடியும். கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போனவர்கள் பலர் தேசியப் பூங்காவைப் பார்த்துவிட்டதாகவே நினைக்கிறார்கள். அது பக்கத்தில் இருக்கும் தனி இடம். புள்ளிமானும் வெளிமானும் திரியும் அந்தக் காட்டுக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது.

உலகின் முதல் தேசியப் பூங்காவாகக் கருதப்படும் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் 1872-ல் அறிவிக்கப்பட்டபோது, மக்கள் வந்து மகிழும் இடம் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. 'பூங்கா' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. இந்தியாவில் 1936-ல் ஹெய்லி தேசியப் பூங்கா முதலாவதாக அமைந்தது. இன்றைய ஜிம் கார்பெட் அதுதான்.

ஒரே காட்டுக்கு நாலு பெயரா?

முதுமலை 1940-ல் சரணாலயம் ஆனது. அதில் சுமார் 103 சதுர கி.மீ. பகுதி 1990-ல் தேசியப் பூங்கா ஆனது. 2007-ல் முதுமலை புலிகள் காப்பகமும் ஆனது. 1986-ல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்குள்ளும் அது வருகிறது.

ஒரே காட்டுக்கு இத்தனை பெயர் ஏன்? ஒவ்வொன்றும் வேறு வேறு ஏற்பாடு. புலிகள் காப்பகத்துக்கு அதே சட்டத்தில் 2006-ல் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. உயிர்க்கோளக் காப்பகம் என்பது யுனெஸ்கோ திட்டத்தை ஒட்டி வந்த ஏற்பாடு, அதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

அங்கே வாழும் மக்கள் என்ன ஆவார்கள்?

இந்த விஷயத்தில் பெரிய கேள்வியே இதுதான். காட்டை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடி மக்களிடம் பட்டாவோ எழுத்துப்பூர்வ ஆதாரமோ பெரும்பாலும் இருக்காது. '2 மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள்' என்ற விதி, தேன் எடுப்பவருக்கும் மாடு மேய்ப்பவருக்கும் எந்த அளவுக்கு எட்டும்?

இதற்கு ஒரு பதிலாக வந்ததுதான் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். இந்தச் சட்டத்தில் 'வன நிலம்' என்பதற்குள் சரணாலயமும் தேசியப் பூங்காவும் அடங்கும். உரிமைகளை அங்கீகரிக்கும் பணி முடியும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. வனவிலங்குகளுக்கு மிக முக்கியமான வாழிடம் என்று ஒரு பகுதி முடிவு செய்யப்பட்டாலும், மக்களை இடம் மாற்ற கிராம சபையின் எழுத்துப்பூர்வமான, சுதந்திரமான சம்மதம் வேண்டும்.

ஆக ஒரு சட்டம் உரிமைகள் அரசின் வசம் வர வேண்டும் என்கிறது, இன்னொரு சட்டம் முதலில் உரிமைகளை அங்கீகரி என்கிறது. வனப்பகுதிகளில் நாம் பார்க்கும் பல போராட்டங்களின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கு.

கடலுக்கும் இதே கதைதான்

ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலையும் கொண்டது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986-ல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 560 சதுர கி.மீ. பவளப்பாறை, கடற்புல், கடற்பசு என அரிய உயிர்ச்சூழல். அதே தீவுகளைச் சுற்றி மூழ்கி, பாசி எடுத்துப் பிழைத்து வந்தவர்கள் மீனவப் பெண்கள். பூங்கா ஆனதும் அந்த வேலை சட்டவிரோதம் ஆகிவிட்டது.

கடல் பகுதியைச் சேர்க்கும்போது உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைப் பாதுகாக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இப்போது ஒரு விதி இருக்கு.

வேறு வழியும் உண்டு. 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில், பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பகுதி கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2002 சட்டத்திருத்தத்தில் வந்த 'பாதுகாப்பு காப்பகம்' என்ற வகை இது. உள்ளூர் மக்களிடம் கலந்து பேசிய பிறகுதான் அறிவிக்க முடியும். தேசியப் பூங்கா போல எல்லா உரிமைகளும் அரசின் வசம் போக வேண்டிய கட்டாயமும் இல்லை.

சுருக்கமா சொன்னா...

- சரணாலயத்தில் சில உரிமைகள் தொடரலாம். தேசியப் பூங்காவில் தொடர முடியாது.
- நோக்க அறிவிக்கை வேறு, இறுதி அறிவிக்கை வேறு. இரண்டுக்கும் நடுவில்தான் மக்கள் பேச முடியும்.
- இரண்டிலும் எல்லையை மாற்ற தேசிய வனஉயிரின வாரியத்தின் பரிந்துரை வேண்டும். மாநில அரசு மட்டும் நினைத்தால் போதாது.

இனி 'புதிய தேசியப் பூங்கா வருகிறது' என்று செய்தி வந்தால், எத்தனை விலங்குகள், எவ்வளவு பரப்பு என்பதோடு நிறுத்த வேண்டாம். நோக்க அறிவிக்கை எந்தத் தேதியில் வந்தது, எந்தெந்த ஊர்களின் உரிமைகள் விசாரிக்கப்பட்டன, கிராம சபை என்ன சொன்னது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். காட்டுக்குக் கிடைக்கும் உச்சகட்டப் பாதுகாப்புகளில் ஒன்று இது. யாருடைய உரிமைக்குப் பதிலாக அது கிடைக்கிறது என்பதும் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.