ஆயாக் கொட்டகையிலிருந்து தாமான் வீட்டிற்கு

ஆண்டுத் தொடக்கத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களின் விவரங்களைப் பதியும்பொழுது, பெற்றோரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "பிள்ளை சிறிதாக இருந்தபோது யார் பார்த்துக்கொண்டார்கள்?" பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, கீழ்மாடியில் ஓர் அம்மா என்று விடைகள் வரும். பதிவு பெற்ற பராமரிப்பு மையத்தைச் சொல்பவர் சிலரே. என் அம்மாவிடம் யாரேனும் இதைக் கேட்டிருந்தால் உடனே விடை வந்திருக்கும்: ஆயாக் கொட்டகை.

தோட்டத்தைப் பார்த்திராத இளைய வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். விடியற்காலைக் குளிர்ச்சியில் சீவினால்தான் இரப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும். ஆதலால், இருள் பிரியுமுன்னரே பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையைத் துணியில் சுற்றி ஆயாவிடம் விட்டுவிட்டுப் பெண்கள் காட்டிற்குச் செல்வர். கொட்டகையின் உத்தரத்தில் ஏணைகள் வரிசையாகத் தொங்கும். மரம் சீவ வலுவில்லாத மூதாட்டியே பெரும்பாலும் ஆயா. ஒருவர் கையில் எத்தனையோ பிள்ளைகள். ஒன்றுக்குக் காய்ச்சல் கண்டால் எல்லாவற்றுக்கும் பரவும். அக்கொட்டகையைப் புகழ்ந்து பாடுவது என் நோக்கமன்று. ஆனால் அது பெரட்டு நேரத்திற்கு முன்பே திறந்திருக்கும். லயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும்.

இது துரைமாரின் கருணையால் மட்டும் வந்ததன்று. பெண்கள் வேலைக்கு வராவிட்டால் தோட்டத்தில் ஆள் போதாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நன்கறிவர். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் முதலாளி பள்ளி அமைக்க வேண்டும் என்றது அச்சட்டம். பள்ளியின் தரம் எப்படி இருந்தது என்பது வேறு கதை. பிள்ளைகளின் தலையை எண்ணி, அதற்கேற்ப ஓர் ஏற்பாட்டைச் செய்யும் கடமை முதலாளிக்கு இருந்தது என்பதையே இங்குக் குறிப்பிட விரும்புகிறேன்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் நகரங்கள் விரிந்து வந்து தோட்டங்களை விழுங்கின. பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் 1990களில் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த குடும்பங்கள் டிங்கிலில் உள்ள அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைப்போல் எத்தனையோ தோட்டங்கள் தாமான்களாக மாறின. வீடு, வேலை, பள்ளி, ஆயா ஆகிய நான்கும் ஒரே வேலிக்குள் இருந்த வாழ்க்கை சிதறியது. வீட்டை மேம்பாட்டாளர் கட்டினார். வேலையைத் தொழிற்சாலை கொடுத்தது. ஆயாவை யார் கொடுப்பது?

1990இல் வந்த 446ஆவது சட்டம் தொழிலாளர்களுக்கான வீட்டுடன் பிள்ளைக் காப்பகத்தையும் தன் நோக்கத்தில் சேர்த்துக்கொண்டது. ஆனால் அது மாநகர், நகராட்சி, கூட்டரசுப் பிரதேச எல்லைகளுக்கு வெளியே உள்ள தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்குமே உரியதாக இருந்தது. நம் மக்கள் கூட்டங்கூட்டமாக நகருக்கு நகர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் சட்டம் நகர எல்லையோடு நின்றுவிட்டது! 2019இல் திருத்தப்பட்டபோது அது நகரங்களுக்கும் விரிந்தது. எனினும் அத்திருத்தத்தின் முதன்மைக் கவலை தொழிலாளர் தங்குமிடங்களே.

நகரில் நடைமுறைக்கு வந்தது 1984ஆம் ஆண்டின் குழந்தை பராமரிப்பு மையச் சட்டம். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, 4 வயதுக்குட்பட்ட 4 பிள்ளைகளையோ அதற்கு மேலோ கட்டணம் பெற்றுப் பராமரிக்கும் இடம் சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 3 வயது வரை 5 பேருக்கு ஒருவர் என விகிதமும் உண்டு. ஒரே ஆயாவின் கொட்டகையைக் கண்ட எனக்கு இந்த விகிதம் பெரிய முன்னேற்றமாகவே தோன்றுகிறது. ஆனால் இச்சட்டம் இருக்கும் மையத்தை ஒழுங்குபடுத்துகிறது. இல்லாத இடத்தில் மையத்தை உருவாக்குவது அதன் வேலையன்று. மூன்று பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவரிடம் வளரும் பிள்ளைகளும் இல்லை. ஒரு தாமானுக்கு எத்தனை இடங்கள் தேவை என்று கணக்கிட வருபவர், பதிவேட்டை மட்டும் பார்த்தால் தேவை குறைவு என்றே எண்ணிவிடுவார்.

மூலை வீட்டையோ கடைவீட்டு மாடியையோ வாடகைக்கு எடுத்து மையம் நடத்துபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். வாடகை ஏறினால் கட்டணமும் ஏறும். தொழிற்சாலை ஷிப்ட் காலை ஏழு மணிக்குத் தொடங்க, மையத்தின் கதவும் ஏழு மணிக்குத்தான் திறக்கும் என்றால் தாய் என்ன செய்வாள்?

இவ்வாண்டு ஒரு தாய், "டீச்சர், இவனுடைய தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை; வேலையை விட்டுவிட்டேன்" என்றார். படிவத்தில் அதை எழுதக் கட்டமில்லை. அன்று மாலை, என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்கு வயதுக்குட்பட்ட தம்பி தங்கைகள் எத்தனை பேர் என்று என் குறிப்பேட்டில் எண்ணிப் பார்த்தேன். ஒரே வகுப்பிலேயே பத்தைத் தாண்டியது.