இரவு இரண்டு மணி முதல் எட்டு மணி வரை

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் ஆலைகளை ஒட்டி அமைந்த ஊர் குடிகாடு. அங்கு வசித்த எங்கள் வாசகர் வட்டத்து நண்பர் ஒருவரிடம் 2007ஆம் ஆண்டளவில் ஒரு வழக்கம் இருந்தது. உறங்கப் போகுமுன் இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைப்பார். எழுந்து கணினியை முடுக்கி, தரவிறக்கத்தைத் தொடங்கிவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்வார். காலை எட்டு மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். மறந்துவிட்டால் மாத முடிவில் கட்டணச் சீட்டு அதை நினைவூட்டும்.

அவர் இறக்கியவை திரைப்படங்கள் அல்ல, பழைய புத்தகங்கள். ஒரு நாவலைத் தட்டச்சு செய்த கோப்பு ஒரு மெகாபைட்டைத் தாண்டுவது அரிது. அதே நாவலின் பழம்பதிப்பைப் பக்கம் பக்கமாக வருடி எடுத்தாலோ ஐம்பது, அறுபது மெகாபைட் ஆகிவிடும். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனின் படைப்புகள் 2002இல் நாட்டுடைமையாக்கப்பட்டவை. அவற்றை எவரும் எவருக்கும் அளிக்கலாம். இணைப்பை வழங்குவோரின் கருவிக்கு இந்த வேறுபாடு புலப்படுவதில்லை. அதற்குத் தெரிவது பைட்டுகளின் எண்ணிக்கை ஒன்றே. இக்கட்டுரைக்குக் காரணமும் அதுதான்.

எது மிகை என்பதை முடிவு செய்பவர் யார்? 1995 ஆகஸ்டு 15இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது அந்தக் கேள்வியே எழவில்லை. தொலைபேசிக் கம்பி வழியே சொட்டுச் சொட்டாக வந்ததில் மிகையாக எதைப் பயன்படுத்துவது? ஆயினும் தடை ஒன்று இருந்தது. இணையம் வழியே குரலில் பேசுவது அன்று அனுமதிக்கப்படவில்லை. வெளிநாட்டு அழைப்புகளின் வருவாய் குறைந்துவிடும் என்பதே அதன் உட்பொருள். 2002 ஏப்ரல் 1 முதற்கொண்டே அது சட்டப்படி செல்லுபடியாயிற்று. குழாய் நிரம்பி வழியும் முன்பே, அதில் எது ஓடலாம் என்று குழாய்க்காரர் தீர்மானித்த வரலாறு நம்முடையது.

2004ஆம் ஆண்டின் அகலப்பாட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே 'பிராட்பேண்ட்' என வரையறுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் சேவையைத் தொடங்கியது. அதன் சில திட்டங்களில் பகலில் அளவு உண்டு. இரவு இரண்டு முதல் எட்டு வரை அளவில்லை. 256 கிலோபிட் வேகத்தில் அந்த ஆறு மணி நேரமும் தடையின்றி ஓடினால் ஏறத்தாழ 690 மெகாபைட் கிடைக்கும். ஒரு குறுந்தகடு நிறையும் அளவு. பின்னர் வேகம் 2 மெகாபிட்டாக உயர்ந்தபோது, பகலில் ஒரு கிகாபைட் அளவை ஒரு மணி நேரத்திற்குச் சற்றே கூடுதலான பொழுதில் தீர்த்துவிட முடிந்தது. வேகம் கூடக்கூட இரவு மேலும் விலைமதிப்புள்ளதாயிற்று.

வழங்குவோர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டுக்கென்று தனிக்குழாய் எவரும் பதிப்பதில்லை. வீட்டு இணைப்புகளில் ஒரே கொள்ளளவை ஐம்பது பேர் வரை பகிரலாம் என்று 2009இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே விகிதம் வகுத்தது. ஐம்பதில் இருவர் நாள் முழுவதும் டோரண்ட் ஓட்டினால் ஏனையோர் மின்னஞ்சல் திறக்கவும் காத்திருக்க நேரும். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிக் கடைமடை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேல்மடை வயலில் நீர் தேங்கி நிற்க, தம் நாற்று கருகுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, எவருக்கு எந்த நாள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். இங்கு மதகு எப்போது இறங்கியது என்பதே தெரியாது.

அமெரிக்காவில் நடந்தது இதற்குச் சான்று. 2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரண்ட் முறையில் ஒரு கோப்பு பல துண்டுகளாகி, பெறுபவரே கொடுப்பவருமாகிறார். 2007இல் ராப் டோபோல்ஸ்கி என்னும் பொறியாளர், தம்மிடமிருந்த பழங்கால நால்வர் குழுப் பாடல்களைப் பகிர முயன்றபோது இணைப்பு அறுந்துகொண்டே இருப்பதைக் கண்டார். ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. காம்காஸ்ட் நிறுவனம் இரு கணினிகளுக்கும் இடையே புகுந்து, மறுமுனை பேச்சை முடித்துக்கொண்டது என்பது போன்ற பொய்ச் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தது! அதே ஆண்டு அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. சோதனைக்கு அது எடுத்துக்கொண்ட கோப்பு ஆங்கில விவிலியம். அதுவும் தடைபட்டது. 2008 ஆகஸ்டில் அந்நாட்டு ஆணையம் நிறுவனத்தைக் கண்டித்தது. 2010இல் நீதிமன்றம் அக்கண்டனத்தை ரத்து செய்தது.

நம் நாட்டில் பொய்ச் செய்திக்குத் தேவை ஏற்படவில்லை. 'நியாயப் பயன்பாட்டுக் கொள்கை' என்னும் அழகிய பெயரே போதுமானதாக இருந்தது. விளம்பரத்தில் 'அளவற்றது' என்று பெரிய எழுத்து. அடியில் ஒரு நட்சத்திரக் குறி. எங்கள் வட்டத்தில் ஒருவருக்கு மாதத்தின் ஒன்பதாம் நாள் வேகம் சட்டென்று வீழ்ந்தது. மோடம் பழுதென்று எண்ணிப் புதிதாக ஒன்று வாங்கினார். அளவு தீர்ந்த செய்தியை அந்நிறுவனம் தெரிவிக்கவே இல்லை. அளவு எவ்வளவு, தீர்ந்தபின் வேகம் எவ்வளவு என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ஆணையம் பணித்தது 2012 ஜூலையில். குறைக்கப்பட்ட வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகலாகாது என்றது 2016இல்.

அந்த 2012ஆம் ஆண்டிலேயே சென்னையில் வேறொன்றும் நிகழ்ந்தது. '3' என்னும் திரைப்படத்தின் பொருட்டு உயர்நீதிமன்றத்தில் பெறப்பட்ட ஆணையைக் கொண்டு, மே மாதத்தில் சேவையாளர்கள் சில டோரண்ட் தளங்களையும், அவற்றோடு விமியோ போன்ற காணொளித் தளங்களையும் முழுமையாக மூடினர். திருட்டுப் பிரதி உள்ள குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூனில் நீதிமன்றம் விளக்கிய பின்னரே கதவு திறந்தது. அதே படத்தின் பாடல் ஒன்று முந்தைய நவம்பரில் இணையத்தில் கைமாறிக் கைமாறியே உலகைச் சுற்றி வந்தது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2014 டிசம்பரில் ஏர்டெல் இணையக் குரலழைப்புக்குத் தனிக்கட்டணம் அறிவித்து, எதிர்ப்பால் பின்வாங்கியது. 2002க்கு முந்தைய தடை கட்டண வடிவில் திரும்பி வரப் பார்த்தது என்றே நாங்கள் கருதினோம். 2015இல் ஆணையம் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. அவற்றுள் சில எங்களுடையவை. 2016 பிப்ரவரி 8இல் உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணம் வேறுபடுத்துவது தடை செய்யப்பட்டது. 2018 ஜூலையில் அரசு இணையச் சமத்துவக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. எனினும் 'நியாயமான போக்குவரத்து மேலாண்மை' அனுமதிக்கப்பட்டே இருக்கிறது. எது நியாயம் என்பது அங்கும் விளக்கத்திற்குரியது.

நண்பர் இன்று ஒளியிழை இணைப்பு வைத்திருக்கிறார். அவரது திட்டத்தின் மாத அளவு 3300 கிகாபைட். அதற்கு மேல் வேகம் குறையும் என்பது ஒப்பந்தத்தில் எழுதியே இருக்கிறது. அந்நாளில் அவர் இறக்கத் தொடங்கிய பழைய மாத இதழ்த் தொகுதி ஒன்றில் இருபத்திரண்டு கோப்புகள். பதினேழு வந்து சேர்ந்தன. எஞ்சிய ஐந்தைப் பகிர்ந்துகொண்டிருந்தவர் எவரென்று தெரியாது. அவர் எப்போதோ தம் கணினியை அணைத்துவிட்டார்.