"பாலை நிறுத்திட்டோம் டாக்டர்"

நீளமான இழை. டீயோட உட்காருங்க.

குழந்தைகள் ஓபியில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம்: "பால் சேரல சார், நிறுத்திட்டோம்." என் அடுத்த கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "சரிம்மா, அதுக்குப் பதிலா என்ன குடுக்கறீங்க?" ஒரு சின்ன அமைதி. அப்புறம் "கஞ்சித் தண்ணி" என்பார்கள். இல்லன்னா "பிஸ்கட்ட சுடுதண்ணில கரைச்சு." (அந்த பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் பால் பவுடர் இருக்கும்.)

இந்த "பதிலா என்ன" என்ற கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. பால் அலர்ஜியால் குழந்தைகள் பட்ட பாடு ஒரு பக்கம். பாலுக்கு மாற்றாகக் கொடுத்ததால் பட்ட பாடு இன்னொரு பக்கம். ரெண்டாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை, அதான் இன்னைக்கு இது.

பால் பொருட்கள் சிலருக்கு ஒத்துக்காது என்பது பழைய சங்கதி. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் இருக்கும் கிரேக்க நூல்களிலேயே, பாலாடைக்கட்டியை ஒருத்தர் வயிறு முட்டச் சாப்பிட்டும் நல்லா இருக்கார், இன்னொருத்தருக்கு ஆகலை என்ற கவனிப்பு வருது. 1905ல் பெர்லினின் குழந்தை மருத்துவர் ஹைன்ரிஷ் ஃபின்கெல்ஷ்டைன், பசும்பால் ஒவ்வாமல் இறந்துபோன ஒரு கைக்குழந்தையைப் பற்றி எழுதினார். அப்போ இதுக்கு "அலர்ஜி" என்ற பெயரே கிடையாது.

அந்தச் சொல்லை அடுத்த வருஷம், 1906ல், உருவாக்கியவர் வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. அவரும் குழந்தை மருத்துவர்தான். தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரை சீரம் போட்ட குழந்தைகளில், ரெண்டாவது தடவை போடும்போது உடம்பு வேற மாதிரி, வேகமாக எதிர்வினை செய்வதைப் பேலா ஷிக்குடன் சேர்ந்து கவனித்தார். அதிலிருந்து பிறந்த சொல் அது.

இதுல ஒரு வேடிக்கை. முதல் உலகப் போருக்குப் பிறகு பசியில் கிடந்த ஆஸ்திரியாவில், அமெரிக்க நிவாரண உதவியோட லட்சக்கணக்கான குழந்தைகளுக்குச் சாப்பாடு போடும் திட்டத்தை நடத்தியவரும் இதே பிர்கேதான். அதுக்காக உணவை அளக்க 'நெம்' என்று ஒரு அலகு வச்சார். ஒரு நெம் என்றால் ஒரு கிராம் பால் தரும் சத்து. ரொட்டி, மாவு, சர்க்கரை எல்லாத்தையும் பாலால் அளந்தார். அலர்ஜி என்ற சொல்லைத் தந்தவருக்கே உணவின் அளவுகோல் பால்தான்! பால் ஒரு குழந்தையின் தட்டில் எவ்வளவு இடத்தை அடைச்சிருக்கு என்பதுக்கு இதைவிட எனக்கு உதாரணம் தெரியலை. அதை எடுத்தா அவ்வளவு பெரிய பள்ளம் விழும்.

பள்ளத்தை முதலில் நிரப்பப் பார்த்தது சோயா. 1909ல் பால்டிமோரின் ஜான் ரூரா கைக்குழந்தை உணவில் சோயாவைப் பயன்படுத்திப் பார்த்தார். 1929ல் ஹில், ஸ்டூவர்ட் என்ற இரு மருத்துவர்கள், பால் ஒத்துக்காத குழந்தைகளுக்கென்றே ஒரு சோயா உணவை விவரித்தார்கள். 1942ல் இன்னொரு வழி வந்தது: பாலின் கேசின் புரதத்தையே துண்டு துண்டாக நொறுக்கி, உடம்பு அதை அடையாளம் கண்டுபிடிக்காத மாதிரி செய்த நியூட்ராமிஜென். பால் அலர்ஜிக்கான பவுடர், பாலிலிருந்தே! நாத்தமும் கசப்பும் தாங்காது. ஆனா வேலை செய்தது, அந்த வகைப் பவுடர்தான் இன்னைக்கும் முதல் தேர்வு.

இங்கேதான் கதை இருட்டாகுது.

1959, 60 வாக்கில் அமெரிக்காவில் சோயா பவுடர் குடித்த சில குழந்தைகளுக்குக் கழுத்தில் தைராய்டு வீங்கியது. பவுடரில் அயோடின் போதவில்லை. சேர்த்தார்கள், சரியானது.

1978ல் ஒரு அமெரிக்க நிறுவனம் தன் சோயா பவுடர்களில் உப்பு சேர்ப்பதை நிறுத்தியது. உப்பு குறைச்சா ரத்தக் கொதிப்பு வராது என்ற அந்தக் காலக் கவலை. கேட்க நல்லாத்தானே இருக்கு? ஆனா உப்போட சேர்ந்து குளோரைடும் போச்சு. 1979ல் மெம்பிஸ் நகர மருத்துவர்கள், எடை ஏறாமல், பசி இல்லாமல், ரத்தத்தில் குளோரைடு குறைந்து வந்த மூணு குழந்தைகளைப் பார்த்தார்கள். மூணு பேரும் குடித்தது ஒரே பவுடர். தேடத் தேட நூறு குழந்தைகளுக்கு மேல் வந்தார்கள். பெற்றோர்கள் விடாமல் போராடினார்கள். கைக்குழந்தைப் பவுடரில் என்னென்ன சத்து கட்டாயம் இருக்கணும் என்று அமெரிக்கா 1980ல் தனிச் சட்டமே போட்டது இதனால்தான்.

முடிஞ்சுதா? இல்லை. 2003, இஸ்ரேல். ஜெர்மனியில் தயாராகி அங்கே விற்ற ஒரு சோயா பவுடரில் வைட்டமின் பி1 கிட்டத்தட்ட இல்லவே இல்லை. டப்பா லேபிளில் மட்டும் இருந்தது. வாந்தி, சோர்வு, கண் அசைவு கோணல், வலிப்பு என்று குழந்தைகள் வந்தார்கள். சிலர் இறந்தார்கள். பிழைத்த சிலருக்குப் பின்னாடி பேச்சு வளர்ச்சியிலும் குறை தெரிந்தது. பி1 என்பது நம்ம ஊரில் தீட்டிய அரிசி, பெரிபெரி என்று முதல் வருஷத்திலேயே படிக்கிற பாடம். 21ஆம் நூற்றாண்டில், வசதியான ஒரு நாட்டில், டப்பாவில் அடைச்சு வந்தது.

மூணு தடவையும் காணாமல் போனது ஒரே ஒரு பொருள். பல வகை சாப்பிடும் நமக்கு ஒரு டப்பாவில் ஒரு சத்து குறைஞ்சா வேற எங்கிருந்தாவது கிடைச்சிடும். கைக்குழந்தைக்கு அந்த டப்பாதான் மொத்த உலகம்.

"நாங்க டப்பாவே வாங்கறதில்ல டாக்டர், இயற்கையா குடுக்கறோம்" என்கிறவர்களுக்கு அடுத்த கதை. 2001ல் அட்லாண்டா மருத்துவர்கள் ரெண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஒருத்தனுக்கு 22 மாசம். தோலில் கரப்பான், பால் சேராது என்று வீட்டில் நினைத்து, நாளுக்கு ஒன்றரை லிட்டர் 'ரைஸ் மில்க்' கொடுத்து வந்தார்கள். பெயரில்தான் பால், உள்ளே அரிசித் தண்ணி. அவனுக்குக் கிடைத்த புரதம் ஒரு கிலோ எடைக்கு 0.3 கிராம். வேண்டியதில் மூணில் ஒரு பங்குகூட இல்லை. வந்த நோய் குவாஷியோர்கர். 1930களில் மேற்கு ஆப்பிரிக்காவில், தாய்ப்பாலிலிருந்து மக்காச்சோளக் கஞ்சிக்கு மாறிய குழந்தைகளிடம் சிசிலி வில்லியம்ஸ் பார்த்து எழுதிய அதே வீக்க நோய். இன்னொரு குழந்தைக்கு 17 மாசம். கால்சியமும் வைட்டமின் டியும் சேர்க்காத சோயா பானம் குடிச்சு ரிக்கெட்ஸ், எலும்பு வளைவு.

அந்த ரைஸ் மில்க்கும் நம்ம வீட்டுக் கஞ்சித் தண்ணியும் ஒண்ணுதான். தேங்காய்ப்பாலில் கொழுப்பு உண்டு, புரதமும் கால்சியமும் சொற்பம். பாதாம் பாலும் அப்படித்தான்.

"ஆட்டுப்பால் குடுக்கலாமா சார்?" 1999ல் ஒரு ஆய்வில், பசும்பால் அலர்ஜி உறுதியான 26 குழந்தைகளில் 24 பேருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கலை. எருமைப்பாலும் உறவுதான். கழுதைப்பால் கொஞ்சம் வேற ஜாதி, புரத அமைப்பு தாய்ப்பாலுக்கு நெருக்கம், இத்தாலியில் ஆய்வே செய்திருக்காங்க. அதுக்காகத் தெருவில் கறந்து சங்கில் ஊத்தற பச்சைப் பாலை வாங்கிப் போடாதீங்க. கிருமிக்கு யார் பொறுப்பு? கொழுப்பும் ரொம்பக் கம்மி. 'லாக்டோஸ் ஃப்ரீ' பால் இன்னொரு பொறி. அதில் சர்க்கரையைத்தான் உடைச்சிருக்காங்க, அலர்ஜி தரும் புரதம் அப்படியே இருக்கு.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு கேள்வி: அது நிஜமாவே பால் அலர்ஜிதானா? டென்மார்க்கில் 1985ல் பிறந்த 1749 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். பால் காரணமோ என்று சந்தேகப்பட வைத்தவர்கள் 117 பேர். முறையாக நிறுத்தி, திரும்பக் கொடுத்துப் பார்த்ததில் உறுதியானது 39 பேருக்குத்தான். அதாவது மூணில் ரெண்டு பேருக்குப் பால் மேல் பழி சும்மா விழுந்தது. அந்த 39 பேரிலும் ஒரு வயசில் பாதிக்கு மேல், மூணு வயசில் 87 சதவீதம் பேர் சரியாகிட்டாங்க. எப்பவோ ரெண்டு தடவை வாந்தி எடுத்தான் என்று அஞ்சு வயசு வரை பாலை நிறுத்தி வச்சிருக்கும் வீடுகளை நான் பார்க்கிறேன்.

உறுதியான குழந்தைக்கு என்ன செய்யணும்? தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. தேவைப்பட்டா அம்மா பால் பொருட்களைத் தவிர்க்கணும், அப்போ அம்மாவுக்கும் கால்சியம் வேணும். ஒரு வயசுக்குள்ள தாய்ப்பால் இல்லன்னா நொறுக்கிய புரதப் பவுடர்தான். ஒரு டின் நாலு இலக்க விலை, கூலி வேலைக்குப் போற வீட்டில் இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேக்காது. சோயா பவுடர் விலை கம்மி, ஆறு மாசத்துக்கு மேல் யோசிக்கலாம், ஆனா பத்தில் ஒருத்தருக்கு அதுவும் ஒத்துக்காமல் போகலாம். டாக்டர் பார்வையில்தான் மாத்தணும்.

ஒரு வயசு தாண்டினா நம்ம சமையலறை கை கொடுக்கும்: முட்டை, பருப்பு, மீன், கறி, எண்ணெய், கேழ்வரகு. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனா ஒண்ணரை வயசுக் குழந்தை ஒரு வேளைக்குச் சாப்பிடுவது 30 கிராம் மாவு, நாள் தேவை 500 மில்லிகிராம். கூழ் மட்டும் போதாது, கால்சியம், வைட்டமின் டி மருந்து வேணுமான்னு கேளுங்க. மாசா மாசம் எடை போடுங்க. பாக்கெட் பொருளில் பால் இருந்தா லேபிளில் சொல்லணும் என்பது நம்ம நாட்டிலும் விதி. 'கேசின்', 'வே', 'பால் திடப்பொருள்' எல்லாம் பால்தான். நெய்யிலும் கொஞ்சம் புரதம் தங்கும். பால் பட்டதும் முகம் வீங்கி, மூச்சு இரைத்தா 108. வீட்டு வைத்தியம் பார்க்க அப்போ நேரமில்லை.

ஆறு மாசம், ஒரு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிக்கணும், ஆஸ்பத்திரியில், டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது. வீட்டில் ஒரு ஸ்பூன் ஊத்திப் பார்க்காதீங்க.

கடைசியா, இன்பாக்ஸில் குழந்தையின் தடிப்பை போட்டோ எடுத்து "இது பால் அலர்ஜியா சார்" என்று அனுப்பாதீங்க. போட்டோவில் தெரியாது. குழந்தையோட எடை அட்டையையும், இப்போ கொடுக்கிற டப்பாவையும் கையில் எடுத்துக்கிட்டு பக்கத்து அரசு ஆஸ்பத்திரி குழந்தைகள் ஓபிக்குப் போங்க. டப்பா இல்லன்னா, நேத்து காலையிலிருந்து ராத்திரி வரை அவன் என்ன சாப்பிட்டான்னு ஒரு தாளில் எழுதிட்டுப் போங்க.