பாசன வடிநீர் மாசுக் கட்டுப்பாடு (கலிபோர்னியா)

வயலுக்குப் பாய்ச்சிய நீரில் பயிர் உறிஞ்சியதும் ஆவியானதும் போக, எஞ்சி வாய்க்காலில் ஓடுவதும் மண்ணுக்கடியில் இறங்குவதும் பாசன வடிநீர் எனப்படும். உப்பு, உரத்திலிருந்து வரும் நைட்ரேட், பூச்சிக்கொல்லி எச்சம், மண்ணிலிருந்து கரைந்த தனிமங்கள் ஆகியவை அதில் கலந்திருக்கும். ஆலைக் கழிவை விட இதைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது கடினம். ஆலைக்கு ஒரு கழிவுவாய் உண்டு, அதற்கு உரிமையாளரும் உண்டு. வடிநீரோ ஆயிரக்கணக்கான வயல்களிலிருந்து கசிந்து ஒன்றுசேர்வது. இச்சிக்கலை நீண்ட காலம் எதிர்கொண்டு வரும் இடங்களுள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒன்று. அதன் நடுப் பள்ளத்தாக்கே இக்கட்டுரையின் களம்.

முன்வரலாறு

பாசனமும் உவர்ப்பும் சேர்ந்தே வருவது பழைய செய்தி. தென் மெசபொத்தேமியாவில் மண் உவர்ந்ததால் கோதுமை குறைந்து பார்லி மிகுந்தது என்று ஜேக்கப்சனும் ஆடம்ஸும் 1958இல் எழுதினர். பின்வந்த ஆய்வாளர் சிலர் இதை ஏற்கவில்லை. நடுப் பள்ளத்தாக்கின் தென்பகுதியான சான் வாக்கின் பள்ளத்தாக்கில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சில நிலங்கள் நீர்மட்டம் ஏறி உவர்ந்தன.

நிலத்தின் இயல்பு

பள்ளத்தாக்கின் மேற்குப் புறத்து மண், கடலோர மலைத்தொடரிலிருந்து அரித்து வந்தது. அம்மலைகளில் பண்டைக் கடலடிப் படிவுகள் இருப்பதால் மண்ணில் உப்பு, போரான், செலினியம் ஆகியவை இயற்கையாகவே மிகுதி. அடியில் களிமண் அடுக்குகள் உள்ளதால் பாய்ச்சிய நீர் ஆழ இறங்காமல் வேர்மட்டத்துக்கு அருகே தேங்கும். வேர் அழுகாமல் காக்க, துளையிட்ட குழாய்களை மண்ணுக்கடியில் பதித்து அந்நீரை வடிப்பர். இப்படி வடியும் நீர் மண்ணின் உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு வெளியேறும்.

மத்திய அரசின் சான் லூயிஸ் பாசனத் திட்டத்துக்கு 1960இல் சட்ட ஒப்புதல் கிடைத்தது. வெஸ்ட்லேண்ட்ஸ் பாசன மாவட்டம் உள்ளிட்ட பகுதிகளுக்கு நீர் கொண்டுவரும் இத்திட்டத்தில் வடிகாலும் ஓர் அங்கம். வடிநீரைச் சாக்ரமெண்டோ–சான் வாக்கின் கழிமுகம் வரை, ஏறத்தாழ 300 கி.மீ., கொண்டுசெல்வது நோக்கம். கழிமுகப் பகுதி மக்கள் இதை எதிர்த்தனர். பொது வடிகாலில் பங்கேற்க இருந்த மாநில அரசு 1967இல் விலகிக்கொண்டது. 1968இல் தொடங்கிய வெட்டுவேலை 1975இல் நின்றது. அதற்குள் முடிந்திருந்தது சுமார் 137 கி.மீ. மட்டுமே. பாசன நீர் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

சட்டத்தில் விலக்கு

1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம், இன்ன இடம் என்று சுட்டக்கூடிய கழிவுவாய் ஒவ்வொன்றுக்கும் உரிமம் கட்டாயம் என்றது. பாசன வடிநீரில் பெரும்பகுதிக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1973இல் விதிவழி விலக்களித்தது. முகமைக்கு அந்த அதிகாரம் இல்லை என்று நீதிமன்றங்கள் கூறவே, நாடாளுமன்றம் 1977இல் சட்டத்தையே திருத்திப் பாசன வடிநீரை உரிமத்திலிருந்து நீக்கியது. மானாவாரி உழவர் வயலிலிருந்து வழியும் மழைநீருக்கு உரிமம் கேட்காதபோது, பாசன உழவரிடம் மட்டும் கேட்பது நேர்மையன்று என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம்.

மாநிலச் சட்டத்தின் போக்கு வேறு. 1949இன் டிக்கி சட்டம் ஒன்பது வட்டார நீர்மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களை அமைத்தது. 1969இன் போர்ட்டர்–கொலோன் சட்டம், நீரில் கழிவைச் சேர்க்கும் எவரும் வாரியத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றது. ஆலை, வயல் என்ற பேதம் அதில் இல்லை. ஆனால் இக்கடமையைத் தள்ளுபடி செய்யும் அதிகாரமும் வாரியங்களுக்குத் தரப்பட்டிருந்தது. நடுப் பள்ளத்தாக்கு வட்டார வாரியம் 1982இல் பாசன வடிநீருக்கு அத்தகைய தள்ளுபடியை வழங்கியது. அதற்குள் கெஸ்டர்சனில் சிக்கல் தொடங்கிவிட்டது.

கெஸ்டர்சன்

பாதியில் நின்ற வடிகால் மெர்செட் மாவட்டத்தில் கெஸ்டர்சன் என்னும் இடத்தில் 12 குளங்களில் முடிந்தது. மொத்தப் பரப்பு சுமார் 1,280 ஏக்கர். கழிமுகத்தை எட்டும்வரை நீரைத் தாங்கிவைக்க வெட்டிய இடைநிலைக் குளங்கள் அவை. வடிகால் மேற்கொண்டு நீளாததால் அவையே கடைசித் தேக்கமாயின. 1970இல் இவ்விடம் தேசிய வனவிலங்குப் புகலிடமும் ஆனது. ஈரநிலங்களில் பெரும்பகுதி உழவுக்குப் போய்விட்ட பள்ளத்தாக்கில், வலசைப் பறவைகளுக்குப் புதிய நீர்நிலை நல்வரவு என்றே அன்று கருதப்பட்டது.

1978இல் மண்ணடி வடிநீர் வரத் தொடங்கியது. 1981 வாக்கில் குளங்களுக்கு வந்தது ஏறக்குறைய முழுவதும் அந்நீரே. 1982இல் மீன்வள, வனவிலங்குப் பணித்துறையினர் பார்த்தபோது, முன்பிருந்த கெண்டை, கெளுத்தி வகைகள் மறைந்து கொசுமீன் ஒன்றே எஞ்சியிருந்தது. கொசுப்புழுவைத் தின்னும் இச்சிறு மீன் மாசுபட்ட நீரிலும் பிழைத்துக்கொள்ளும். அதன் உடலில் இருந்த செலினியம், அருகிலுள்ள வோல்டா ஈரநிலத்துக் கொசுமீனில் இருந்ததைப் போல ஏறத்தாழ 100 மடங்கு.

1983 வசந்தத்தில் ஹாரி ஓலெண்டார்ஃப் தலைமையிலான ஆய்வாளர்கள் கூடுகளைச் சோதித்தனர். நாமக்கோழி, முக்குளிப்பான், நெடுங்கால் உள்ளான், வாத்து எனப் பல இனங்களின் முட்டைகளில் கண்ணற்ற, அலகு கோணிய, கால் குறைந்த குஞ்சுகள் இருந்தன. கண்காணித்த 347 கூடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் ஒரு கருவாவது இறந்திருந்தது. சுமார் 20 விழுக்காட்டில் ஊனமுற்ற கருவோ குஞ்சோ காணப்பட்டது. மிகுதியாகப் பாதிக்கப்பட்டவை நாமக்கோழியும் காதுள்ள முக்குளிப்பானும். நீர்த்தாவரமும் பூச்சியும் மீனும் தின்று குளத்திலேயே குடியிருந்ததால் அவற்றின் உடலில் நஞ்சு விரைவாகச் சேர்ந்தது.

குளங்களுக்கு வந்த நீரில் லிட்டருக்குச் சுமார் 300 மைக்ரோகிராம் செலினியம் இருந்தது. நீர்வாழ் உயிர்களுக்கான வரம்பாக 1987இல் முகமை அறிவித்தது 5 மைக்ரோகிராம். செலினியம் உடலுக்குச் சிறிதளவு தேவையானதே. ஆனால் தேவைக்கும் நஞ்சுக்கும் இடையிலான எல்லை மிகக் குறுகியது. புரதத்தில் கந்தகத்தின் இடத்தைப் பிடித்து, பாசியிலிருந்து பூச்சிக்கும் பூச்சியிலிருந்து பறவைக்கும் ஏறி, இறுதியில் முட்டையில் சேர்கிறது. செலினியம் மிகுந்த தானியம் தின்ற கோழிகளின் முட்டையில் ஊனக் கருக்கள் உண்டாவதைத் தெற்கு டகோட்டாவில் 1930களிலேயே பதிவுசெய்திருந்தனர். கெஸ்டர்சனுக்குச் செலினியம் வந்த வழியை மலைப் படிவுகள் வரை பின்தொடர்ந்து காட்டியோர் புவியியல் ஆய்வுத்துறையின் தெரசா பிரெசரும் ஐவன் பார்ன்சும்.

ஆய்வு முடிவுகளை மேலதிகாரிகள் காலம் தாழ்த்தி வெளியிட்டார்களா என்பது பற்றி இருவேறு கூற்றுகள் உண்டு. செலினியத்தோடு உப்புக்கும் போரானுக்கும் எவ்வளவு பங்கு என்பதும் அக்காலத்தில் விவாதிக்கப்பட்டது. அண்டைப் பண்ணைக் குடும்பம் ஒன்று தொடுத்த முறையீட்டின் பேரில், மாநில நீர்வள வாரியம் 1985 பிப்ரவரியில் குளங்களைச் சீராக்க வேண்டும் அல்லது மூட வேண்டும் என ஆணையிட்டது. மார்ச் 15 அன்று லாஸ் பானோஸில் நடந்த நாடாளுமன்றக் குழு விசாரணையில், குளங்களை மூடுவதாக உள்துறை அறிவித்தது. காரணமாகச் சுட்டப்பட்டது தூய நீர்ச் சட்டம் அன்று. 1918இன் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம். வடிநீரை உரிமத்திலிருந்து நீக்கியவர்கள் பறவைச் சட்டத்தை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பறவைகள் இறங்காதிருக்க வாயு வேட்டுகள் வெடிக்கப்பட்டன. 1986இல் வடிகாலுக்கு வந்த குழாய்கள் அடைக்கப்பட்டன. 1988இல் குளங்களின் தாழ்ந்த பகுதிகள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன.

கெஸ்டர்சனுக்குப் பின்

மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்திய வடிகால் ஆய்வுத் திட்டம் 1990இல் இறுதி அறிக்கை தந்தது. நீரைச் சிக்கனமாகப் பாய்ச்சுதல், வடிநீரை உவர் தாங்கும் பயிருக்கு மறுபடி விடுதல், மிக மோசமான நிலங்களைச் சாகுபடியிலிருந்து விலக்குதல் ஆகியவை அதன் பரிந்துரைகள். பள்ளத்தாக்கின் தென்கோடியிலுள்ள துலாரே வடிநிலத்தின் ஆவியாக்கக் குளங்களிலும் ஊனக் குஞ்சுகள் காணப்பட்டன. வடிகால் கட்டித்தரும் கடமை மத்திய அரசுக்கு உண்டு, எந்த வழியில் என்பது அதன் விருப்பம் என மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது.

1996இல் தொடங்கிய கிராஸ்லேண்ட் மாற்றுவழித் திட்டம் சற்று வேறுபட்டது. பழைய சான் லூயிஸ் வடிகாலின் ஒரு பகுதியைப் பயன்படுத்திக்கொள்ள உழவர் கூட்டமைப்புக்கு அனுமதி தரப்பட்டது. பதிலுக்கு, வெளியேறும் செலினியத்துக்கு மாத வரம்பும் ஆண்டு வரம்பும் விதிக்கப்பட்டன, மீறினால் கட்டணம். தனித்தனி வயலை அளக்க முடியாத இடத்தில் வடிகாலின் வாயில் அளந்து, பொறுப்பை அனைவருக்கும் பொதுவாக்கியதே இதன் சிறப்பு. செலினிய வரத்து பெருமளவு குறைந்தது.

தள்ளுபடிக்கு முடிவு

பழத்தோட்டங்களில் தெளித்த டையசினான் போன்ற பூச்சிக்கொல்லிகள் ஆற்றில் கலப்பதை 1990களின் சோதனைகள் காட்டின. அவற்றில் கருவியாய் உதவியது கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நீர்த்தெள்ளு: ஆற்றுநீரில் விட்டால் அது சாகிறதா என்று பார்ப்பர். 1999இல் நிறைவேறிய மாநிலச் சட்டம், பழைய தள்ளுபடிகள் அனைத்தும் 2003 ஜனவரி 1 அன்று காலாவதியாகும் என்றது. அதன் பின் நடுப் பள்ளத்தாக்கு வாரியம் நிபந்தனையுடன் கூடிய தள்ளுபடியைக் கொண்டுவந்தது. பாசன நிலங்கள் ஒழுங்குமுறைத் திட்டம் என்பது இதன் பெயர். பெரும்பாலான உழவர்கள் வட்டாரக் கூட்டமைப்பில் சேர்ந்து கட்டணம் செலுத்துகின்றனர். நீரைச் சோதிப்பது கூட்டமைப்பின் பணி. நிர்வாகம் எளிதாயிற்று என்பர் ஒரு சாரார். எந்த வயல் மாசுபடுத்துகிறது என்பது மறைந்துபோயிற்று என்பர் மறுசாரார்.

நிலத்தடி நீரும் அண்மை நிலையும்

2012 முதல் 2014 வரை வந்த ஆணைகள் நிலத்தடி நீரையும் இத்திட்டத்துக்குள் கொண்டுவந்தன. துலாரே வடிநிலத்திலும் சலீனஸ் பள்ளத்தாக்கிலும் நிலத்தடி நீரில் சேரும் நைட்ரேட்டில் 96 விழுக்காடு பயிர் நிலங்களிலிருந்து வருவது என்று டேவிஸ் பல்கலைக்கழக அறிக்கை 2012இல் மதிப்பிட்டது. உழவர் இட்ட நைட்ரஜனுக்கும் விளைச்சலோடு வெளியேறிய நைட்ரஜனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்குக் காட்டும் முறையை மாநில வாரியம் 2018இல் கட்டாயமாக்கியது. சலீனஸ் பள்ளத்தாக்கு அடங்கிய நடுக் கடலோரப் பகுதியின் வட்டார வாரியம் 2021இல் நைட்ரஜனுக்கு எண் வரம்புகளை விதித்தது. மாநில வாரியம் 2023இல் அவற்றை விலக்கி, ஆணையை வட்டார வாரியத்துக்குத் திருப்பியனுப்பியது.

1977இல் தரப்பட்ட விலக்கு நீக்கப்படவில்லை. கலிபோர்னியாவில் பாசன வடிநீரைக் கட்டுப்படுத்தும் விதிகள் பெரும்பாலும் 1969ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் வலுவிலேயே நடைமுறையில் உள்ளன.