சித்தம் கலங்கியவரும் சட்டமும்

காரைக்குடியில் மாணவர் கூட்டமொன்றில் நான் பேசி முடித்தபின், ஓர் இளைஞர் எழுந்து, "கொலை செய்தவன் பித்தன் என்றால் சட்டம் அவனை விட்டுவிடுமா, ஐயா?" என்று வினவினார். ஒரு சொல்லில் விடை கூற எனக்கு இயலவில்லை. அவ்விடைக்கு ஒரு வரலாறு உண்டு.

1843-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இலண்டன் மாநகர வீதியில் டேனியல் மக்நாட்டன் என்பவர் ஒருவரைப் பின்னின்று சுட்டார். முதலமைச்சர் சர் இராபர்ட்டு பீலைச் சுடுவதாகவே அவர் எண்ணினார் என்பர். மாண்டவரோ பீலின் செயலாளர் டிரம்மண்டு. ஆளுங்கட்சியினர் தம்மை ஓயாது துரத்துவதாக மக்நாட்டன் நம்பியிருந்தார். மருத்துவர் பலர் சான்று கூறவே, ஜூரிகள் அவரைக் குற்றவாளி அல்லர் என்றனர். நாடு கொதித்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து விளக்கம் கேட்டது. செயல் புரிந்த வேளையில், மனநோயினால், தாம் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறியாத நிலையில் அவர் இருந்தாரா என்பதே கேள்வி என அவர்கள் விடை பகர்ந்தனர்.

அவ்விதியின் சாயலே 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவாக அமைந்தது. 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவாக விளங்குகிறது.

இடர்ப்பாடு யாதெனின், மருத்துவர் பார்ப்பது பின்னர். நீதிமன்றம் அறிய விரும்புவதோ அந்த ஒரு கணம். ஆகவே முன்னும் பின்னும் நடந்தவற்றை நீதிபதி ஆராய்வார். பகை இருந்ததா? ஆயுதத்தை ஒளித்தாரா? ஓடினாரா? முன்பே மருத்துவம் பார்த்தனரா? நம் பக்கத்துக் குடும்பத்தார், "ஏர்வாடித் தர்காவில் கொண்டுபோய் வைத்திருந்தோம்" என்று கூறினால், அதுவும் எண்ணிப் பார்க்கத்தக்க சாட்சியமே. எனினும் நோய் இருந்தது என்பது மட்டும் போதாது.

மெய்ப்பிக்கும் கடமை யாருடையது? மனைவியைக் கொன்ற ஒருவரின் குஜராத் வழக்கில், 1964-இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. பித்தம் இருந்ததென்று காட்டும் பொறுப்பு எதிரியுடையதே. ஆயினும் உரிமை வழக்கில் வேண்டப்படும் அளவு சான்றே போதும். அதுவும் நிறைவேறாவிடினும், குற்ற எண்ணம் இருந்ததா என்று நியாயமான ஐயம் எழுமாயின் விடுதலை உண்டு என்று நீதிபதி சுப்பாராவ் எழுதினார். அம்மனிதருக்கு அது பயன்படவில்லை, தண்டனை உறுதியாயிற்று.

தவறென்று அறிந்தும் தம்மை அடக்கவியலாத நோயாளிக்கு இவ்விதியில் இடமில்லை. இக்குறுக்கம் எனக்கு உவப்பன்று.

விடுவிக்கப்பட்டவர் நேரே வீடு செல்வதுமில்லை. பாதுகாப்பான இடத்தில் வைக்கப்படுவார். அல்லது பிணை தரும் உறவினரிடம் ஒப்படைக்கப்படுவார். மக்நாட்டன் 1865-இல் இறக்கும்வரை மனநோய்க் காப்பகத்திலேயே இருந்தார். "எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள்?" என்று அவ்விளைஞர் மீண்டும் கேட்டார். சிறைத் தண்டனைக்கு ஆண்டுக் கணக்கு உண்டு. இதற்குச் சட்டம் கணக்கு எதுவும் குறிக்கவில்லை என்றேன்.