பதினான்கும் இருபத்துநான்கும்

பனிச்சங்கேணிப் பாலத்தைப் படமெடுக்க அதி அகலக்கோண லென்ஸ்தான் வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். நீண்ட பாலம், விரிந்து கிடக்கும் களப்பு, மேலே பெரிய வானம். எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் வரவேண்டுமே! ஆனால் 14 மி.மீ. லென்ஸைப் பூட்டிக்கொண்டு பாலத்தடியில் ஒரு முனையில் நின்று எடுத்தால், அருகிலுள்ள தூண் மட்டும் பூதாகாரமாக எழுந்து நிற்கும். மறுகரை நோக்கிப் போகிற மற்றத் தூண்களெல்லாம் சட்டகத்தின் ஒரு மூலைக்குள் சுருங்கிவிடும். சுனாமியில் அடிபட்ட பழைய தாம்போதியின் இடத்தில் வந்த பாலம் இது. நீரோடு நீராகத் தாழ்ந்து நீளுவதுதான் அதன் அழகு. அந்த நீளமே படத்தில் இல்லாமல் போகிறது.

பழியை லென்ஸின் மேல் போடக்கூடாது. தூரமும் கிட்டமும் படத்தில் எப்படித் தெரியும் என்பதை முடிவுசெய்வது நாம் நிற்கும் இடம். 36க்கு 24 மி.மீ. சென்சர் உள்ள கமராவில் 14 மி.மீ. லென்ஸ் கிடையாக 104 பாகை பார்க்கும், 24 மி.மீ. 74 பாகை. நூறு மீற்றர் அகலமான ஒன்றை நேரெதிரே நின்று முழுவதுமாக அடக்க முதலாவதற்கு 39 மீற்றர் தள்ளி நின்றால் போதும், இரண்டாவதற்கு 67 மீற்றர் வேண்டும், 50 மி.மீ. லென்ஸுக்கு 139 மீற்றர். கிட்டப் போகச் சொல்வதுதான் அகலக்கோணத்தின் சிக்கல். களப்போரத்தில் பின்வாங்க இடம் தாராளமாக இருக்கும்போது கிட்டப் போவானேன்?

பின்வாங்க முடியாத இடங்களின் கதை வேறு. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டையின் வாசலுக்குள் நின்று பாருங்கள். முதுகு சுவரில் முட்டும். கோயில் மண்டபங்களும் அப்படித்தான். அங்கே 14 மி.மீ. இல்லாமல் எடுக்கவே முடியாது.

சுவாரசியமான போட்டி கோபுரத்தின் முன்னால் நடக்கிறது. 25 மீற்றர் உயரக் கோபுரம், எதிரே 20 மீற்றர் தள்ளி நிற்கத்தான் இடம் என்று வைத்துக்கொள்வோம். கமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்பக்கம் சாயும். ஆகவே மட்டமாகவே பிடிக்கவேண்டும். 14 மி.மீ. லென்ஸை நெடுக்காகப் பிடித்தால் கலசம்வரை வந்துவிடும். ஆனால் கீழ்ப்பாதி முழுவதும் நம் காலடியிலிருந்து ஒன்றேகால் மீற்றரில் தொடங்கும் வெறும் வீதிதான். இதற்கு மாற்று இடப்பெயர்வு லென்ஸ்: கமரா அசையாமல், கண்ணாடித் தொகுதியை மட்டும் மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்தக்கூடியது. அப்படியான 24 மி.மீ. லென்ஸை 12 மி.மீ. உயர்த்தினால் அதே கலசம், அதே இடத்திலிருந்து, வீதியின் விரயமில்லாமல் வருகிறது. 14 மி.மீ. படத்தை வெட்டி அதே காட்சியாக்கலாம். கோடு கோடாகப் பொருந்தும். ஆனால் மிஞ்சுவது சட்டகத்தில் மூன்றில் ஒரு பங்குதான்: 24 மெகாபிக்சல் கமரா 8 மெகாபிக்சல் ஆகிவிடும். கைபேசியில் பார்க்க அது தாராளம். சுவரளவு அச்சிட்டால் குறை தெரியும். இடப்பெயர்வு லென்ஸின் விலையையும், குவியத்தைக் கையால் திருப்பும் சிரமத்தையும் நினைத்தால், பெரிதாக அச்சிடாதவருக்கு நான் 14ஐத்தான் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கையோடு. நேரெதிரே நிற்கும் தட்டையான சுவரை நல்ல அதி அகலக்கோண லென்ஸ் விளிம்புவரை ஒழுங்காகவே காட்டும். உருண்டையான எதையும் விளிம்பில் அப்படிக் காட்டாது. வாசலில் வைத்த நிறைகுடம் 14 மி.மீ. படத்தின் இடது ஓரத்தில் விழுந்தால், உயரத்தைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு அகலமாக இழுபட்டுவிடும், 24 மி.மீ. லென்ஸில் 1.25 மடங்கு. ஓரத்தில் நிற்கும் ஆளின் தலைக்கும் இதே கதிதான். கைபேசியில் 0.5 என்று காட்டும் லென்ஸ் ஏறத்தாழ 13 மி.மீ.க்குச் சமம்; குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவர் பெருத்துத் தெரிவதும் இதனால்தான்.

அகலக்கோணத்தில் விளிம்பு இருள்வதும் பழைய தொல்லை. 1900இல் கோர்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஹைப்பர்கான் லென்ஸ் 135 பாகை பார்த்தது. மூலைக்குப் போகும் ஒளி நடுவில் விழுவதில் ஐம்பதில் ஒரு பங்கை ஒட்டிக் குறைந்துவிடும். அதனால் லென்ஸின் முன்னே நட்சத்திர வடிவத் தகடொன்றைக் காற்றால் சுழலவிட்டு நடு ஒளியை மறைத்தார்கள்.

அகலம் பெற அகலக்கோணமே வேண்டும் என்பதும் இல்லை. லினேயஸ் டிரைப் என்ற படப்பிடிப்பாளர் 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளைச் சுவரோரமாகவே நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி 19 அடி நீளத்துக்கு ஆக்கினார். பாலத்துக்கு இவ்வளவு பாடும் வேண்டாம். முக்காலியில் கமராவை அசையாமல் வைத்து, 24 மி.மீ. இடப்பெயர்வு லென்ஸை இடம், நடு, வலம் என 12 மி.மீ. நகர்த்தி எடுத்த மூன்று படங்களை ஒட்டினால் 103 பாகை கிடைக்கும். அதாவது 14 மி.மீ. பார்க்கிற அகலம், ஆனால் இரண்டரை மடங்குக்கும் மேலான நுணுக்கத்தோடு. ஒட்டும் இடத்தில் அலை பொருந்தாமல் போவதுதான் தொல்லை. காற்றுக் கிளம்பமுன், காலையிலேயே எடுத்துவிடவேண்டும்.