ஆக்ரா விவாதமும் ஒரு வசனத்தின் வரலாறும்

ஒகேனக்கல் சென்றிருந்தபோது, பரிசல் துறையருகே உடனிருந்த கிறிஸ்தவ நண்பர் ஒருவர் நம்மிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். அவருடைய பாட்டியார் ஓதிவந்த பழைய தமிழ் விவிலியத்தில், யோவானின் முதல் நிருபம் 5:7 பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைக் குறிப்பிடுகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்திலோ அம்மூவர் பற்றிய வாசகம் அவ்விடத்தில் இல்லை. "இதைத்தான் நீங்கள் தஹ்ரீஃப் என்கிறீர்களா?" என்று கேட்டார். இக்கேள்விக்கு விடை காண, 1854ஆம் ஆண்டின் ஆக்ரா நகருக்குச் செல்ல வேண்டும்.

ஜெர்மானியப் பாதிரியார் கார்ல் பாண்டர் தம் 'மீஸானுல் ஹக்' நூலில் விவிலியம் திரிபடையாதது என வாதிட்டிருந்தார். அவரை மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) பகிரங்க விவாதத்திற்கு அழைத்தார். ஏப்ரல் 10, 11 ஆகிய இரு நாட்கள் விவாதம் நடந்தது. நஸ்க், தஹ்ரீஃப், திரித்துவம், நபித்துவம், குர்ஆன் என ஐந்து பொருள்கள் வகுக்கப்பட்டிருந்தும், முதலிரண்டோடு அது நின்றுவிட்டது.

மௌலானாவின் துணைவர் மருத்துவர் முஹம்மது வஸீர் கான். ஐரோப்பிய அறிஞர்களின் விவிலிய ஆய்வு நூல்களை இருவரும் முன்னரே பயின்றிருந்தனர். அவற்றையே சான்றாக வைத்து வினவியபோது, சில இடங்களில் மூலவாசகம் மாறுபட்டிருப்பதைப் பாண்டர் ஒப்புக்கொண்டார். யோவான் நிருப வசனமும் அவற்றுள் ஒன்று. ஆயினும் அடிப்படைக் கோட்பாடு பாதிக்கப்படவில்லை என்பது அவர் நிலைப்பாடு. மாறுபாடு நேர்ந்த நூலை எவ்வாறு முழுச் சான்றாகக் கொள்வது என்பது மௌலானாவின் எதிர்வாதம். இரு தரப்பாரும் வெற்றி தமதே என்றனர்.

அவ்வசனத்தின் வரலாறு இன்று தெளிவானது. அறிஞர் எராஸ்மஸ் 1516, 1519 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அது இல்லை; பழைய கிரேக்கச் சுவடிகளிலும் இல்லை. லத்தீன் மரபில் வழங்கிய அதனை, கண்டனங்கள் எழுந்த பின்னர் 1522ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் சேர்த்தார். அவ்வழிவந்த கிரேக்க வாசகத்தைப் பின்பற்றிய மொழிபெயர்ப்புகளில் அது நிலைபெற்றது. பின்னர் சுவடிகளை ஒப்புநோக்கி அதை விலக்கியவர்களும் கிறிஸ்தவ அறிஞர்களே. நான்காம் நூற்றாண்டின் திரித்துவ விவாதங்களில் கிரேக்கத் திருச்சபையினர் இவ்வசனத்தை எடுத்தாளவில்லை. எனவே வசனம் நீங்கினாலும் கோட்பாடு நீங்காது என்பது கிறிஸ்தவர் தரும் விளக்கம்.

1857 கிளர்ச்சிக்குப் பின் மக்காவில் குடியேறிய மௌலானா, 1864இல் 'இள்ஹாருல் ஹக்' நூலை அரபியில் எழுதினார். ஸர் ஸையித் அஹ்மத் கானோ வேறு வழி சென்றார். 1862இல் வெளிவரத் தொடங்கிய தம் விவிலிய விரிவுரையில், தஹ்ரீஃப் என்பது பெரும்பாலும் பொருளைத் திரித்தலே எனக் கருதினார். இருவரும் முடிவில் வேறுபட்டனர். எனினும் பிறர் வேதத்தைக் கற்றறிந்த பின்னரே பேசினர்.

இன்று நம் மேடைகளில் தஹ்ரீஃப் பற்றி முழங்குவோருள் எத்தனை பேர் அவ்வாறு கற்றவர்? அழகிய முறையில் விவாதிக்குமாறு ஸூரத்துந் நஹ்லின் 125ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. பிறர் நூலைப் பழுதறக் கற்பது அந்த அழகின் முதற்படியன்றோ? நண்பரிடம் நாம் நம் நம்பிக்கையை மறைக்கவில்லை. அவர் தரப்பு விளக்கத்தையும் குறைக்காமல் எடுத்துரைத்தோம். இரண்டையும் அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். மௌலானா நமக்கு விட்டுச்சென்றது வெற்றிக் கதை மட்டுமன்று; கற்றுப் பேசும் கடமையுமாகும்.